மொட்டைப் பனையில் ஒரு ஜன்னல்

மகளுக்குப் பொட்டுக்கடலை மாவைக் குழைக்கும்போதெல்லாம் கிளிக்குஞ்சின் வாடை வருகிறது; அப்பா பிடித்துவரும் குஞ்சுகளுக்கு இதைத்தான் ஊட்டுவேன்.

திருப்போரூரில் எங்கள் கழனியோரம் நின்ற மொட்டைப் பனையின் பொந்தில், மைனா அளவே உடம்புள்ள செந்தலைக்கிளி ஜோடி ஒன்று ஒவ்வொரு தையிலும் முட்டையிடும். ஆணுக்குத் தலை ரோஜாச் சிவப்பு, பெண்ணுக்குச் சாம்பல், குஞ்சுக்கோ உடம்பு முழுக்கப் பச்சை. உள்ளே கை விட்டாலும் அடி எட்டாத அந்தப் பொந்துக்குக் கீழே அப்பா உளியால் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, மாமல்லபுரத்துக் கிளிஜோசியக்காரர்களுக்கென்று இரண்டு குஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, வெட்டிய துண்டைத் திரும்பப் பொருத்திக் கயிற்றால் கட்டிவிடுவார். "ரெண்ட வுட்டாதான் மறுக்கா வரும்" என்பார்.

கழனியை விற்று, வாங்கியவர்கள் மனைக்கல் நட்ட வருஷம், "மரத்த எப்டியும் சாச்சிடுவானுங்க, எல்லாத்தையும் எட்த்துக்கலாம்" என்று நான்கு குஞ்சையும் கூடையில் போட்டார். இனி எதற்கென்று அந்தத் துண்டை நான்தான் அடுப்பில் வைத்தேன்.

மரத்தை யாரும் வெட்டவில்லை. பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் ஆறு வருஷம் நின்று தானாகத்தான் சாய்ந்தது.

நான்கையும் எடுத்ததற்கு மறு தையிலேயே அந்த ஜோடி வந்தது. திறந்து கிடந்த ஜன்னல் வழியாக உள்ளே வெயில் விழுவதை இரண்டும் உள்ளே இறங்காமல் மாறி மாறி எட்டிப் பார்த்தன. பக்கத்தில் நின்ற அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது வேற கிளி."