கடுங்காப்பி கொண்டுபோன வீடு

என் காப்பியைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது. ஆனால் பேசாமல் இருக்கவும் என்னால் முடிந்ததில்லை. பிறந்த வீடு விருதுநகர். அங்கே கடைவீதியில் கொட்டையை வறுத்துக் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையிலிருந்துதான் இன்றைக்கும் எனக்குத் தூள் வருகிறது. வாக்கப்பட்டு வந்தது சிவகாசி. வந்த முதல் வாரமே ஒன்று தெரிந்துவிட்டது. இந்த ஊரில் காப்பியைக் கெடுப்பது தூளும் இல்லை, பாலும் இல்லை, தண்ணீர். ஆழ்குழாய்ப் போரில் வருகிற உப்புத் தண்ணீரில் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் மணம் எழும்பாது. அதனால் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் காப்பிக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து மூடி வைப்பேன். அந்தக் குடத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. "சாமிக்குக்கூட நீ இம்புட்டுக் காவல் இருந்ததில்ல" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு அச்சாபீசில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் இருட்டும்போதுதான் வருவார்.

ஃபில்டரில் தூளைப் போட்டால் அழுத்தக் கூடாது. கொதித்த தண்ணீரை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். இறங்கவில்லையே என்று சிலர் ஃபில்டரைத் தட்டுவார்கள். தட்டினால் டிகாக்ஷன் இறங்கும், ருசி இறங்காது. இறங்கிய டிகாக்ஷனை மறுபடி அடுப்பில் ஏற்றிச் சூடு பண்ணுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆறிப்போன காப்பியை யாருக்கும் கொடுத்ததும் கிடையாது. காப்பியில் இத்தனை பொறுமை பார்க்கிற எனக்கு மற்ற எதிலும் பொறுமை இருந்ததில்லை. எங்கள் வீட்டில் என்னை முந்திரிக்கொட்டை என்பார்கள். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் பல வருஷம் ஓட்டினேன்.

எதிர்வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பாள், என்னை மதினி என்பாள். அவள் புருஷன் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு அவள் என் அடுப்படிக்கு வருவாள். அந்த நேரத்துக்குத்தான் இரண்டாவது முறை ஃபில்டர் போடுவேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து, டபராவில் ஆற்றாமல், நுரை அடங்குவதற்குள் பாதி டம்ளரைக் குடித்துவிடுவாள். "நாக்கா, தகரமா?" என்று கேட்பேன். பன்னிரண்டு வருஷம் இப்படி. கூடப்பிறந்தவளிடம் சொல்லாததையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனிக்குள் தீப்பெட்டியும் போகக் கூடாது, போனும் போகக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார். ஆகவே எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் இங்கிருக்கிற பெண்களுக்குப் போன் அடித்துப் பிரயோஜனம் இல்லை. அது பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். எந்தத் திசையில் புகை என்று மொட்டைமாடியில் ஏறிப் பார்ப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சாவுச் செய்தியை யாரும் வாயால் சொல்வதில்லை. துஷ்டி வீட்டில் அடுப்பு எரியாது. எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கருப்பட்டி தட்டிப்போட்டுப் பால் இல்லாமல் கடுங்காப்பி வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோவார்கள். தூக்கோடு ஒருத்தி தெருவைக் கடந்தால் என்ன நடந்திருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துகொள்ளும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போன வருஷம், சீசனுக்கு முன்னால், அவள் காப்பி குடித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வெளியே வந்து பார்த்தால் அவள் ஏற்கெனவே மாடியில் நிற்கிறாள்.

"நம்ம கம்பெனிப் பக்கந்தான் மதினி புகையுது" என்றாள். கண்ணைப் புகையிலிருந்து எடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அவளுடைய அண்ணனும் தம்பியும் வண்டியில் வந்து இறங்கினார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அந்த நேரம் என் வீட்டுக்காரர் அச்சாபீசிலிருந்து போன் பண்ணினார். "அந்தக் கம்பெனிதானாம். வாட்ஸ்அப்புல வந்திருக்கு. போர்மேன் போயிட்டாராம்" என்றார்.

அந்தக் கம்பெனியில் போர்மேன் இரண்டு பேர். இது எனக்குத் தெரியாததில்லை. அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். எந்தப் போர்மேன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் கூடப்பிறந்தவர்கள் தலை குனிந்து போனதைப் பார்த்ததும் அவளுக்கும் செய்தி வந்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். அவர்கள் துணைக்கு உட்காரத்தான் வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் உட்கார்ந்து அழவில்லை. முதலில் நான்தான் போக வேண்டும், வேறு எவளோ ஒருத்தி உப்புத் தண்ணீரில் வைத்த காப்பியோடு அவள் முன்னால் போய் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் காப்பிக் கர்வம் என்னை விடவில்லை. நல்ல தண்ணீர்க் குடத்தைத் திறந்து, கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, தூக்கு நிறையக் கடுங்காப்பி வைத்தேன்.

அவள் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். என்னைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள். எழுந்து வந்து தானே மூடியைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் பால் விடாத காப்பியை நான் அவளுக்குக் கொடுத்ததில்லை. கருப்பாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உங்களுக்கு யாரு சொன்னா மதினி?" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு உறைத்தது. "அண்ணாச்சி போன் பண்ணாக" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்குள் வந்திருந்த பெண்கள் தூக்கைப் பார்த்து மாரடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அழவில்லை. தாலியைக் கைக்குள் மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் புருஷன் யாருடைய வண்டியிலோ பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கரி. காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறார். போன் வாசல் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. செத்தது இன்னொரு போர்மேன். செய்தி பொய்யில்லை, நான் கொண்டுபோன வீடுதான் தப்பு. ஒன்றரை மணி நேரம் என் கையால் அவளை அறுதலியாக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மட்டும் தூக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அதைச் சாக்கடையில் கவிழ்த்தாள். புளி போட்டு விளக்கித் துடைத்து, என் வீட்டுப் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஒண்ணுமில்ல மதினி. நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீக" என்றாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. பத்து மணிக்கு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பாள், சாப்பிட்டீகளா என்பாள், போய்விடுவாள்.

எனக்குக் கோபமும் வந்தது, மறைப்பானேன். நான் என்ன செய்வினையா வைத்தேன் என்று பாத்திரத்தோடு சண்டை போடுவேன். என் வீட்டுக்காரர் ஒருநாள், "பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாக. எந்தப் போர்மேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். "நீங்க ஒரு வார்த்தை வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அன்றோடு இரண்டு பேரும் அந்தப் பேச்சை விட்டோம். பத்து மணி ஃபில்டரையும் விட்டேன். எனக்கு மட்டும் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. பால் பாத்திரத்தைத் தேய்க்கிறபோதெல்லாம் அவள் என் கையால் இனி ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டாள் என்பது நெஞ்சில் வந்து நிற்கும்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் ஒரு நாள் காலையில் அவள் வந்து அடுப்படி வாசலில் நின்றாள். உட்காரவில்லை.

"அடுத்த வாரம் அந்தப் போர்மேனுக்கு வருசம் திரும்புது மதினி. எங்க வீட்டுக்காரரு போயிட்டு வாம்பாக. நான் ஒரு தடவகூட அந்த வீட்டுக்குப் போகல. எந்த மொகத்தோட போக? இவுக வந்து எறங்கினதும் நான் சாமிக்குத் தேங்கா ஒடச்சேன். அந்நேரம் அந்தக்கா வீட்டுல என்ன நடந்துச்சோ. தனியாப் போகத் தைரியம் இல்ல. நீங்க வாறீகளா?"

பிறகு, "காப்பி போட்டு எடுத்துக்கோங்க. பால் ஊத்தியே போடுங்க" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு வருஷமும் என் தப்பு, என் சிநேகிதம் என்று என் துக்கத்தையே சுமந்துகொண்டிருந்தேன். அந்தக் கடுங்காப்பி போய்ச் சேர வேண்டிய வீடு ஒன்று இருந்தது. அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஊரைத் தாண்டி, கரிசல் காட்டை ஒட்டின வீடு. முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு என் வயசு இருக்கும். "வாங்க, வாங்க" என்று பாய் விரித்தார். இவள், தான் இன்னார் பெண்சாதி என்று சொல்லும்போதே நாக்குக் குழறியது. "தெரியும்த்தா. அவரு மாசம் ஒருக்க வந்து பாத்துட்டுப் போறாரே" என்றார் அவர். நான் மூன்று டம்ளரில் காப்பியை ஊற்றி வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

இவள்தான் கேட்டாள். "அன்னைக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுக்கா?"

அவர் மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு எங்க தெரிஞ்சது? காத்து அந்தப் பக்கம் அடிச்சது. சத்தமே கேக்கல. என் போன்லயும் சார்ஜ் இல்ல. மத்தியானம் சோறு பொங்கினேன். அவுகளுக்குப் பிடிக்குமேன்னு கருவாட்டுக் கொழம்பு வச்சேன். சாயந்தரம் ஆறு மணிக்கு எங்கண்ணன் வந்துதான் சொன்னாக. ஊருக்கெல்லாம் காலையிலயே தெரிஞ்சிருக்கு. என் வாசலத் தாண்டித்தான் எல்லாரும் போயிருக்காக. யாரு போய்ச் சொல்றதுன்னு ஆளாளுக்கு விட்டுட்டாக."

பாயின் ஓரத்தை நீவிவிட்டார்.

"வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்த்தா. எவளாவது ஒருத்தி ஒரு தூக்குக் கடுங்காப்பி கொண்டாந்து வச்சிருந்தாப் போதும், நான் புரிஞ்சிருப்பேன். அவுக ஆஸ்பத்திரியில மூடிக் கெடந்த நேரம் நான் கொழம்புக்கு உப்புப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அதுதான் எனக்கு ஆறல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிர்வீட்டுக்காரி அழுதாள். அன்று தன் புருஷன் செத்தார் என்று நினைத்தபோது அழாதவள், இங்கே இவருக்காக அழுதாள். அந்த அம்மாதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"காப்பியக் குடுங்க மதினி" என்றாள்.

டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக ஆறிப்போயிருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. பிளாஸ்கில் மிச்சமும் இல்லை. அதையே எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.