யார் போட்ட வட்டம்?

பென்சில் அக்கா என்று பெயரெடுத்தவளுக்கு முழுப் பென்சிலைக் கண்டாலே ஆகாது. புதுக் கிரேயான் பெட்டி வந்தால் முதல் வேலையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நீளத்துக்கு முறித்துப் போடுவாள். துண்டாக இருந்தால்தான் குழந்தை மூன்று விரலால் கிள்ளிப் பிடிக்கும். நீளமாகக் கொடுத்தால் துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் முஷ்டிக்குள் பிடித்துக்கொள்ளும். இது தெரியாத பெற்றோர்கள் முதல் நாள் அவளைப் பார்த்து, ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் டீச்சர் இல்லை. பதினான்கு வருஷம் துணிக் கம்பெனியில் பட்டன் தைத்துவிட்டு, கண் மங்கிப்போனதும் இந்தப் பயிற்சி மையத்தில் உதவி ஆளாகச் சேர்ந்தவள். கட்டில் மெத்தைக் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறை. நடு அறைக்குக் கை ரூம் என்று பெயர். சொன்ன பேச்சைக் கேட்காத கைகளோடு பிறந்த பிள்ளைகள் அங்கே வருவார்கள். எழுத்தெல்லாம் ரொம்பப் பின்னால். முதலில் களிமண்ணைக் கிள்ள வேண்டும், துணிக் கிளிப்பை அமுக்கித் திறக்க வேண்டும், மணல் தட்டில் விரலால் இழுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சாய்வுப் பலகையில் காகிதம். அதிலும் கோடு, வட்டம், கூட்டல் குறி, அவ்வளவுதான்.

அந்த அறையை நடத்துகிறவள் கை டீச்சர். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் குழந்தையின் கைமேல் கை வைத்துப் பிடிக்கலாம். பிறகு மணிக்கட்டை மட்டும். பிறகு முழங்கையை. கடைசியில் எதையும் பிடிக்கக் கூடாது, பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். பென்சில் அக்காவுக்கு முதல் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. அந்தச் சும்மா உட்காருவதுதான் அவள் உயிரை எடுத்தது.

அதிலும் மேனேஜர் விஷயத்தில். மேனேஜருக்கு ஆறு வயது. சக்கர நாற்காலியில் உள்ளே நுழைந்ததும், "ஃபேன் போடு, ஜன்னல் சாத்து" என்று இழுத்து இழுத்து உத்தரவு போட்டதில் வந்த பெயர். வலது கை நடுங்கும். இடது கை விறைத்து மடங்கி மடியிலேயே கிடக்கும். அதற்கு அவளே வைத்த பெயர் தூங்குமூஞ்சி. எதற்காவது அந்தக் கையை நீட்டச் சொன்னால், "தூங்குது, எழுப்பாத" என்பாள்.

வியாழக்கிழமை அவளைத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு கூட்டல் குறி. யாரும் தொடாமல் போட்டால் ஒன்றாம் வகுப்பில் இடம் உண்டு. இல்லையென்றால் இல்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். லிப்ட் ரிப்பேர் செய்கிற அவள் அப்பா புத்தகப்பையே வாங்கிவிட்டான். மகள் போட்ட வட்டம் ஒன்றை மெஷின் ரூம் கதவில் ஒட்டிவைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறானாம்.

பென்சில் அக்கா மணிக்கட்டைத் தொட்டால் வட்டம் அழகாக மூடிக்கொள்ளும். விட்டால் கிரேயான் வைத்த இடத்திலேயே நின்று நடுங்கும். மூன்று மாதமாக இதே கதை.

"நீங்க இழுக்கிறீங்களோ அக்கா?" என்று ஒரு சனிக்கிழமை கை டீச்சர் கேட்டாள்.

"ஐயோ, நான் எங்க டீச்சர் இழுக்கிறேன்? சும்மா தொட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு. தொட்டேனா, இழுத்தேனா? இழுத்திருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்? அன்றைக்குச் சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். போட்டதும் தெரியவில்லை. தனக்குத் தெரியாமல் தன் கை இன்னும் என்னவெல்லாம் செய்கிறதோ என்று பயமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். மணிக்கட்டு அவள் பிடிக்குள் அடங்கவில்லை.

"வட்டம் போடுங்க. நான் தொட்டுக்கிறேன். இழுக்கிறேனான்னு மட்டும் சொல்லுங்க."

"லீவு நாள்ல இது வேறயா?" என்று முனகிக்கொண்டே போட்டார். வந்தது வட்டமே இல்லை, பூசணிக்காய்.

"நீதான் இழுத்தே."

"நீங்கதான் இழுத்தீங்க. நான் மூச்சுகூட விடல."

"இந்தா, நான் வட்டம் போட்டா மேலேர்ந்து இடது பக்கமா இறங்குவேன். இது வலது பக்கமா இறங்கியிருக்கு. நீ எப்படிப் போடுவே? தனியாப் போட்டுக் காட்டு."

அவள் இடது கைக்காரி. அவள் கை மேலே தொடங்கி, வலது பக்கமாக இறங்கி, கடிகார முள் போகிற போக்கிலேயே சுற்றி வந்தது. நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அதைக் கவனித்தாள்.

திங்கட்கிழமை கை ரூமில் அவள் கண் வேறெங்கும் போகவில்லை. வட்டம் போடத் தெரிந்த மூன்று பிள்ளைகளும் இடது பக்கமாக இறங்கினார்கள். கை டீச்சரும் அப்படித்தான். பிறகு மேனேஜரின் மணிக்கட்டைத் தொட்டாள். கிரேயான் வலது பக்கமாக இறங்கியது. ஐந்து தடவை போட்டார்கள். ஐந்தும் வலது.

"மூணு மாசமாப் போட்டது நான்தான் டீச்சர்," என்றாள் தனியாகக் கூப்பிட்டு. "அந்தப் புள்ளைய ஏமாத்திட்டேன். அது அப்பாவையும் ஏமாத்திட்டேன்."

கை டீச்சர் பழைய தாள்களையெல்லாம் எடுத்து விரித்துவைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள். "அப்படியும் சொல்ல முடியாதுக்கா. கைமேல் கை வச்சப்போ நீங்க சுத்தின பக்கமே அவளுக்குப் பழகியிருக்கலாம். அப்போ இது அவ வட்டமா, உங்க வட்டமா? எனக்கே குழப்பமா இருக்கு."

"நீங்களே குழம்பினா நான் எங்க போறது?"

அன்றிலிருந்து புதன்வரை தொடாமலே பழக்கிப் பார்த்தார்கள். கிரேயான் நகரவே இல்லை. மேனேஜர் கோபத்தில் கிரேயான் துண்டைத் தூக்கி எறிந்தாள். "அக்கா, தொடு" என்று உத்தரவு போட்டாள். பென்சில் அக்கா கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் லிப்ட்காரனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் நாற்காலியின் பிடியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ நான் ஒட்டிவச்சிருக்கிறது உங்க வட்டமாக்கா?"

"தெரியல தம்பி. சத்தியமாத் தெரியல."

"தெரியலன்னா எப்படி? உங்க கைதானே?"

அவள் தன் கையைப் பார்த்தாள். அது பாட்டுக்கு ஒன்றும் தெரியாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையில் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை தன் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளையும் புத்தம்புது நீளப் பென்சிலையும் வைத்தாள். பென்சில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு நீலக் கிரேயான் துண்டை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள்.

"இது பரவாயில்ல. ஆனா யாரும் தொடக் கூடாது," என்றாள் தலைமை ஆசிரியை.

மேனேஜர் துண்டைக் கிள்ளி எடுத்துத் தாளில் வைத்தாள். நடுங்கியது. நகரவில்லை. அப்பா சுவரோரம் நின்று விரல்களைச் சொடுக்கினான். கை டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் திரும்பிப் பென்சில் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் இடது கை தானாக எழுந்தது. அவள் அதைத் தொடைக்கடியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

"ஏய், எந்திரி."

மடங்கிய முஷ்டி மெல்ல மேலே வந்தது. மேஜை விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தது. திரும்ப வந்தது. இந்தத் தடவை வலது மணிக்கட்டின்மேல், அக்கா தொடுகிற அதே இடத்தில், தொப்பென்று போய் விழுந்து அங்கேயே கிடந்தது. அந்தப் பாரத்தில் நடுக்கம் குறைந்தது. நீலக் கோடு ஒன்று இறங்கியது. அடுத்து வட்டம். மேலே தொடங்கி, வலது பக்கமாக இறங்கி, உருளைக்கிழங்குபோல் வளைந்து நெளிந்து வந்து மூடிக்கொண்டது.

"எல்லாரும் அந்தப் பக்கமா சுத்துவாங்க. இவ மட்டும் ஏன் இந்தப் பக்கம்? நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று தலைமை ஆசிரியை கேட்டாள்.

"தெரியலைங்க மேடம்," என்றாள் பென்சில் அக்கா. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "எது நான் போட்டது, எது அவ போட்டதுன்னு எனக்கு இப்போகூடத் தெரியல."

கூட்டல் குறிக்குப் பாதிக் கோடு போனதும் தாள் லேசாக நழுவியது. மூன்று மாதப் பழக்கம், பென்சில் அக்கா எழுந்து மேஜைக்கே போய்விட்டாள். கை மணிக்கட்டை நோக்கி நீண்டது.

"வேணாம்க்கா," என்றாள் மேனேஜர், தலை நிமிராமல். "தூங்குமூஞ்சி புடிச்சுக்கிச்சு."

பென்சில் அக்கா திரும்பிப் போய்ச் சும்மா உட்கார்ந்தாள்.