ரிவர்ஸ்டன் பயணமும் மூன்று அடையாள அட்டைகளும்

கல்யாணமாகி நான்காம் மாதம், இயற்கைக் காட்சி பார்க்க ரிவர்ஸ்டன் மலைக்குப் போகலாம் என்றார் என் கணவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மலையைக் கண்டு பயமில்லை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மலைக்குப் போவது என்றால் கொழுந்து பறிக்கப் போவதுதான். அதே மலையை வேன் பிடித்துப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வரவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. என் பயமெல்லாம் அடையாள அட்டையைப் பற்றித்தான்.

யுத்தம் நடந்த காலம் அது. அட்டை இல்லாமல் மாத்தளையில் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது. என் அட்டையில் தொழில் என்ற இடத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. படிப்பை விட்டதும் இரண்டு வருடம் பேர் பதிந்து கொழுந்து பறித்திருந்தேன். கல்யாணத் தரகரோ, நான் வெயிலே படாமல் தையல் மெஷினுக்கு முன்னால் வளர்ந்தவள் என்று என் கணவரின் அம்மாவான மாமியிடம் அளந்துவிட்டிருந்தார். உண்மை தெரிந்தவர் என் கணவர் மட்டும். “அம்மாவுக்குத் தெரிய வேணாம். தோட்டத்து ஆளுங்கன்னா அவங்களுக்கு ஒரு மாதிரி” என்று முதல் நாளே சொல்லிவைத்தார்.

அது என்ன மாதிரி என்று போகப் போகத் தெரிந்தது. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினால், “லயத்து ஆளுங்க மாதிரிக் கத்தாத” என்பார் மாமி. ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்தால், “இதென்ன தோட்டத்துப் பழக்கம்?” என்பார். டவுனில் சில்லறைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் மானம் முழுக்க என் ரொட்டித் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வரும். வாயை மூடிக்கொண்டு தின்பேன்.

டவுனில் அட்டையைச் சோதிப்பவர்கள் படத்தையும் முகத்தையும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் கிளம்பினேன். மாமி புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரு டின் முறுக்கு, பாய், மூன்று குடை என்று பாதி வீட்டை வேனில் ஏற்றினார்.

உச்சியில் இறங்கினால் ஒரே பனிமூட்டம். நீட்டிய கை தெரியவில்லை. குடையை விரித்த மறுகணம் காற்று அதை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டது. “அந்தா பாருங்க, அதுதான் பள்ளத்தாக்கு” என்று வெள்ளையைக் காட்டினார் என் கணவர். “இந்தப் பக்கம் பாருங்க, காடு” என்றார். அதுவும் அதே வெள்ளைதான்.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வந்தார். வில்கமுவப் பக்கத்து வயல்காரப் பையன் என்று பேச்சில் தெரிந்தது. மூன்று அட்டைகளையும் வாங்கிக்கொண்டார். பாவம், அந்த மூட்டத்தில் பல நாளாக வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை போலும். ஒவ்வொன்றையும் பேப்பர் வாசிப்பது போல ஆற அமர வாசிக்கத் தொடங்கினார். முதல் அட்டை வியாபாரி. என் கணவர் பல்லைக் காட்டினார். இரண்டாவதில் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் மங்கிப்போய்ப் பேரும் படமும் தெரியவில்லை.

“வத்து கம்கரு” என்று உரக்க வாசித்தார் சிப்பாய். தோட்டத் தொழிலாளி. “கவுத?” யார் என்று நிமிர்ந்தார்.

டவுனில் எல்லோருக்கும் சிங்களம் தெரியும். மாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்றோடு நான் தொலைந்தேன் என்று நினைத்தபோது மாமி முன்னால் போனார்.

“மம தமய், மஹத்தயா.” நான்தான் ஐயா.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மானத்தைக் காப்பாற்ற இந்த மனுஷி பொய் சொல்கிறாரே! இவரையா இத்தனை நாள் மனதுக்குள் திட்டினேன்? பொறுக்க முடியவில்லை.

“மாமி, அது என்னோடதுங்க” என்றேன்.

“என்னோடது, புள்ள” என்றார் மாமி.

சிப்பாய் குழம்பிப்போய் மூன்றாவது அட்டையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். “மேகத் வத்து கம்கரு!” இதுவும் தோட்டத் தொழிலாளிதான்.

மாமியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“எத்தன வருஷம்?” என்று மெல்லக் கேட்டார் மாமி.

“ரெண்டுங்க, மாமி.”

“எனக்குப் பதினொண்ணு. இவன வயித்துல வச்சுக்கிட்டே கொழுந்து பறிச்சேன். அதுக்கப்புறம்தான் டவுனுக்கு வந்து கடை போட்டோம்.” மாமி என் கையைப் பிடித்தார். நான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை. அவர் விரல் நுனி என்னுடையதைவிடத் தடித்திருந்தது. “நீ தையல்காரப் புள்ள, என்ன எளக்காரமா நெனச்சிருவியோன்னுதான் இவன்கிட்ட சொல்லாதடான்னு சத்தியம் வாங்கினேன்.”

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இரண்டு பேருடைய கதையும் தெரிந்த ஒரே ஆள், நான்கு மாதமாக எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறார். மெதுவாகத் திரும்பினோம்.

“அம்மா, அந்தப் பக்கம் பாருங்களேன், என்ன அழகான சீனரி!” என்று பனிமூட்டத்துக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார் என் கணவர். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.