ரஷ்யப் பெட்டியும் ஒரு செம்புக் கம்பியும்

ரிப்பேர் தொழிலில் பொருள் கெட்டுப்போய் வருவதில் பயம் இல்லை. நம் கையில் கெட்டுப்போய்விடுமோ என்பதுதான் பயம். டெஸ்டர் பிடித்த கையெல்லாம் ஒத்துக்கொள்ளும். துபாய் அல் குசைஸில் எங்கள் கடைக்கு டீவியும் ஸ்பீக்கரும்தான் வரும். ஒரு ரஷ்யக்காரருக்கு அவர் ஊர் ரேடியோவைச் சரிசெய்து கொடுத்தேன், அவ்வளவுதான். துபாயில் இருக்கிற சோவியத் பெட்டியெல்லாம் என் மேஜையைத் தேடி வர ஆரம்பித்தது.

இடம் இல்லாத ஸ்டேஷன்

கராமாவில் பேச்சிலர் ரூமில் இருக்கும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவர், அழகுக்காகப் பழைய சாமான் விலையில் ஒன்றை வாங்கி வந்தார். பளபளக்கும் மரப்பெட்டி, பியானோ கட்டை மாதிரி பட்டன்கள், கண்ணாடியில் வரிசையாக ஊர்ப் பெயர்கள். தமிழ் எஃப்.எம். கேட்க வேண்டுமாம். ரஷ்யக்காரர்கள் எஃப்.எம். எழுபத்து மூன்று மெகாஹெர்ட்ஸிலேயே முடிந்துவிடும், நம்முடையது எண்பத்தெட்டில்தான் ஆரம்பிக்கும் என்று விளக்கினேன். முள்ளைக் கோடிவரை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மாஸ்கோ, வார்சான்னு ஊரு ஊரா எழுதி வச்சிருக்கான். நமக்கு ஒரு ஸ்டேஷனுக்கு இடம் இல்லையாண்ணே?”

வெள்ளிக்கிழமைக்குள்

ரஷ்ய நர்சரி டீச்சர் லாரிசா ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கல்யாணமானதும் வாங்கிய முதல் பொருள். அப்பா இப்போது இல்லை. பத்திரமாக வைத்திரு என்று அம்மா போன வருஷம் மகளிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா வெள்ளிக்கிழமை துபாய் வருகிறார். பெட்டி பாடவில்லை.

“தானாகவே நின்றுவிட்டது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாம்பிராணி

பின்பக்கம் ஃப்யூஸ் போயிருந்தது. அந்த அளவு ஃப்யூஸ் கையில் இல்லை. நம் ஊர்ப் புத்தி என்ன செய்யும்? வயரிலிருந்து ஒரு செம்புக் கம்பியை உருவி முறுக்கிப் போட்டேன். ஃப்யூஸை எடுத்த இடத்திலேயே செருகி, ஸ்விட்சைத் தட்டினேன். பெட்டி உறுமியது, புகை வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், செருகிய இடத்துக்குப் பக்கத்தில் 127 என்று போட்டிருக்கிறது. ஃப்யூஸை எந்த எண்ணில் செருகுகிறோமோ, அந்த வோல்ட்டுக்குத்தான் பெட்டி தயாராகும். அந்தக் காலத்தில் அங்கே சில வீடுகளுக்கு அவ்வளவு வோல்ட்தான் வரும். நான் கொடுத்தது நம்முடைய இருநூற்று இருபது.

டிரான்ஸ்ஃபார்மர் போனால் இங்கே எங்கே போய்த் தேடுவது? செத்துப்போன மனுஷனின் ரேடியோவைக் கொளுத்திவிட்டேனே என்று அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலாளி எட்டிப் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர், அவர் ஊர் வழக்கில் எங்கள் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன்.

“ரிப்பேர் பண்ணச் சொன்னா, சாம்பிராணி போட்டுக்கிட்டு இருக்கியே தம்பி.”

மங்கிய பல்பு

மறுநாள் வரை ஆறவிட்டேன். சரியான ஃப்யூஸ் வாங்கி, 220-க்கு மாற்றிச் செருகி, கரண்ட் அதன் வழியாகவே பெட்டிக்குப் போகும்படி நடுவில் ஒரு குண்டு பல்பை சீரிஸில் மாட்டினேன். பல்பு பளிச்சென்று நின்று எரிந்தால் பெட்டி முடிந்தது. எரிந்து மங்கினால் பிழைத்தது. ஸ்விட்சைப் போடும்போது வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டதை மறைக்க மாட்டேன். பல்பு மங்கியது. கொஞ்ச நேரத்தில் பெட்டியின் முகத்தில், ஸ்டேஷன் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண் மெல்லத் திறந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை இறங்காத சோறு அன்று மத்தியானம் இரண்டு தட்டு இறங்கியது.

வியாழக்கிழமை லாரிசா வந்தார். பச்சை வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பி, புகை, 127 எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டப் போகிறார் என்று நின்றால், சிரித்தார். அவரும் ஃப்யூஸை 127-லேயே விட்டு, வீட்டு இருநூற்று இருபது வோல்ட் பிளக்கில் மாட்டித்தான் ‘டப்’ என்று ஃப்யூஸைப் போக்கியிருக்கிறார்.

“அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் புகையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறேன்.”

பெட்டியைச் செய்தவன் எந்த எண்ணில் செருக வேண்டும் என்பதைப் பின்னாலேயே எழுதித்தான் வைத்திருக்கிறான், நாம்தான் புகை வந்த பிறகு படிக்கிற ஜாதி.