உப்புப் போட்ட ஐஸ்

அருமைநாயகம் தன் ஆயுசில் பட்ட கடன் ஒன்றே ஒன்றுதான். ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். சுனாமி வந்த மூன்றாம் கிழமை, அவருடைய மகளுக்காக ஆஸ்பத்திரித் தாதி றஸீனா புளியந்தீவுப் பாமசி ஒன்றில் தன் கைக்காசைப் போட்டு வாங்கிய இரண்டு போத்தல் இன்சுலினின் விலை அது. கையில் காசு புரண்ட பிறகும் அந்தக் கடன் இரண்டு வருஷம் தீராமல் கிடந்தது.

அவருடைய ஊரான நாவற்குடாவில் இதை யாரும் நம்பமாட்டார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன், பதின்மூன்று வயதில் வாவிக்கரையில் இறால் கூடை சுமந்தார். முப்பது வயதில் சொந்த லொறி வைத்தார். ஒருத்தரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. அவர் ஏற்றிவிட்ட இறால் கொழும்பு போய்ச் சேர்ந்தும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் என்று அவரே சொல்லுவார். சூட்சுமம் இதுதான்: நொறுக்கிய ஐஸின்மேல் ஒரு பிடி உப்பு. உப்புப் பட்டால் ஐஸ் இன்னும் கொடூரமாகக் குளிரும். எவரும் சொல்லிக் கொடுத்ததல்ல, தன் மண்டையால் கண்டது.

மகள் நிருஷாவுக்கு எட்டு வயதில் சீனி வருத்தம் வந்தது. வயதாளிகளுக்கு வருகிற வருத்தம் பால்பல் விழுந்து முடியாத பிள்ளைக்கு எப்படி வந்தது என்று அவர் விறைத்துப்போனார். நாளுக்கு இரண்டு ஊசி, உயிருள்ளமட்டும். அந்த ஊசியை வீட்டிலேயே போட, மருந்தைப் பாதுகாக்கப் பெற்றோரைப் பழக்கவென்று றஸீனா சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தார். மனைவி கண்ணகை ஒரு கிழமையும் தவறவிடவில்லை. அருமைநாயகம் ஒரு நாளும் போகவில்லை. பொம்பிளைகள் வாங்குப் பலகையில் இருந்து கதைக்கிற இடத்தில் தனக்கென்ன வேலை என்பார்.

பிறகு கடல் வந்தது. லொறி போனது. வீட்டுப் பிறிட்ஜ் வேலிக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்தது. மூன்று உயிரும், இறாலை ஐஸில் அடைக்கிற ஒரு றிஜிபோம் பெட்டியும்தான் மிச்சம். பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள். செத்த சனத்தை மீன் தின்றிருக்கும் என்று மட்டக்களப்பில் மீனை யாரும் தொடவில்லை. விலைப்படாத ஐஸை ஐஸ்காரன் சும்மாவே கொடுத்தான். அந்த ஐஸில் ஆஸ்பத்திரியில் கிடைத்த மகளின் மருந்துப் போத்தல் இரண்டையும் வைக்கப் பெட்டியைத் திறந்தார் அருமைநாயகம்.

"ஐஸில முட்டப்படாதாம், மிஸ் சொன்னவ," என்றாள் கண்ணகை. "மண்முட்டிக்குள்ள ஈர மணல் போட்டு வச்சாக் காணுமாம்."

"ஐஸப் பத்தி எனக்குச் சொல்லித்தாறியாகா? உன்ட மிஸ் எத்தின லொறி இறால் ஏத்தினவ?"

கண்ணகை போத்தல்களை எடுத்து நீட்டினாள்.

அவர் தன் தொழிலைக் காட்டினார். ஐஸை நொறுக்கி, போத்தல் இரண்டையும் புதைத்து, மேலே உப்பைத் தூவினார். காலையில் மருந்து கல்லாய் உறைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கிக் கொடுத்தார். கண்ணகை ஊசி போட்டாள். 'ஒரு சொட்டும் பழுதாகல்ல பாத்தியா' என்று முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

நாலாம் நாள் நிருஷா குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள். ஐந்தாம் நாள் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். அன்று பின்னேரம், ஓடி வந்தவளைப் போல் மூச்சு வாங்கியது. வாயில் அழுகிய பழ வாசம். கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சேலைன் ஏற்றி, வேறு இன்சுலின் கொடுத்த பிறகு, பிள்ளை விடிய ஒருமுறை 'அப்பா' என்றாள். அப்போதுதான் றஸீனா அவர்களுடைய போத்தலை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

"ஐயா, இது உறைஞ்சதா?"

"ஓம் மிஸ். நல்லாக் குளிர வச்சிருந்தன்."

"உறைஞ்சா இது செத்த மருந்து. அஞ்சு நாளா நீங்க புள்ளைக்குச் சும்மா தண்ணிதான் ஏத்தியிருக்கீங்க."

அருமைநாயகம் போத்தலை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடல் கொல்லாமல் விட்டுப்போன பிள்ளையை அவர் கை கொல்லப் பார்த்திருக்கிறது. கண்ணகையைத் திரும்பிப் பார்த்தார். அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருப்பு முடிந்திருந்ததால், புது மருந்து இரண்டு போத்தலை அன்றே றஸீனா தன் காசில் வாங்கிக் கொடுத்தார்.

ஆறு மாதத்தில் அவர் தொழிலில் மறுபடி எழும்பினார். காசோடு போனபோது றஸீனா கையை நீட்டவில்லை.

"காசு வேணாம் ஐயா. வகுப்புக்கு வந்து, நடந்ததத் தாய்மாருக்குச் சொல்லுங்க. அண்டைக்கு வாங்குறன்."

அது மட்டும் அவரால் முடியவில்லை. மூன்று தரம் காசைக் கொண்டுபோய் மூன்று தரமும் திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய பெரிய பேச்செல்லாம் அந்த வகுப்பு வாசலில் செத்துப்போகும்.

இரண்டாயிரத்து ஏழு பங்குனியில், கிழக்கின் கடைசிச் சண்டையில், ஷெல்லுக்குத் தப்பிப் படுவான்கரைச் சனம் வாவியைத் தாண்டி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, முகாமில் இருந்த சுதாகரன் என்றவன் அவர் இறால் அடைக்கிற வாடிக்கு வந்து நின்றான்.

"முதலாளி, கொஞ்சம் ஐஸ் தருவீங்களா? ஒரு பிடி உப்பும்."

"என்னத்துக்கு மனே?"

"மகனுக்குச் சீனி வருத்தம். ஊசி மருந்து வைக்கோணும். நீங்க சுனாமிக்குள்ள அப்பிடித்தான் வச்சிங்களாம், ஒரு சொட்டும் பழுதாகல்லயாம். முகாமில கதைச்சாங்க."

ஐஸ் உடைக்கிற கட்டை அவர் கையில் இருந்து விழுந்தது. அன்று வாய்கிழியச் சொன்ன பொய் இரண்டு வருஷமாக ஊர் சுற்றி, இன்னொரு பிள்ளையைத் தேடி வந்து நிற்கிறது.

"வச்சிட்டியா?"

"இல்ல, இனித்தான்."

"ஐஸ் இல்ல. அதில வைக்காத. நாளைக்கு என்னோட வா."

சனிக்கிழமை இருவரும் றஸீனாவின் வகுப்புக்குப் போனார்கள். வாங்கில் இருந்த ஒரு தாய் சிரித்தாள். "என்ன முதலாளி, இறால் ஏத்த வந்தீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு நடுவில் நின்றார்.

"என்ட புள்ளைய நான்தான் சாகப் பாத்தன். பொஞ்சாதி சரியாச் சொன்னவ, நான் கேக்கல்ல. ஐஸில முட்டின மருந்து உறைஞ்சா ஊசியில தண்ணிதான் வரும். நான் பழுதாகல்ல எண்டு சொன்னது பொய். ஒருத்தரும் செஞ்சிராதீங்க. மண்முட்டியும் ஈர மணலும் காணும். இந்த முப்பது வருச ஐஸ்காரன் சொல்றன்."

முன்வாங்கில் கண்ணகை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சுதாகரன் மருந்துப் போத்தலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

றஸீனா எழுந்து வந்து உள்ளங்கையை விரித்தார்.

அருமைநாயகம் மடியை அவிழ்த்தார். ஐஸில் மரத்துப்போன விரல்கள், எச்சில் தொட்டு நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தன. நூறு, இருநூறு, முந்நூறு. ஆயிரத்து நானூற்றில் ஒருமுறை நின்று, கடைசி ஐம்பதையும் வைத்தார்.