ஜிலேபி மீனும் இரண்டு மிஸ்டு காலும்

2007 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். எனக்கோ லீவு மறுத்துவிட்டார்கள். ஷார்ஜா ரூமில் விடிய விடிய குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை காசிம் பாய்க்குப் பொறுக்கவில்லை.

"நீ நடக்குற நடைக்கு டைல்ஸ் தேஞ்சிரும் தம்பி. யல்லா, மீன் புடிக்கப் போவோம்."

காலை ஐந்தரைக்குப் பாயின் வண்டியில் கிளம்பினோம். அல் அய்ன் வரை 150 கிலோமீட்டர், அதற்கப்புறம் மணல் பாதையில் பதினைந்து. பெட்ரோல் நாற்பது திர்ஹம். ஏரி என்று பெயர், ஆழம் முழங்கால் அளவுதான். குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் ஜிலேபி மீன் கரையோரம் ஒதுங்கும். குப்பூஸ் ரொட்டியைப் பிசைந்து உருட்டினால் அதுவே இரை. மிதவைக்குக் கீழே ஒரு சாண் தூண்டில் நரம்பு விட்டால் போதும்.

கரையில் சிக்னல் இல்லை. மேட்டில் நிறுத்திய வண்டிக்குள் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. போனை அங்கேயே வைத்துவிட்டு, நிமிஷத்துக்கொரு தரம் மேட்டுக்கு ஓடினேன். மாமனாரோடு பேசி வைத்திருந்த ஏற்பாடு இது: ஒரு மிஸ்டு கால் வந்தால் தாயும் பிள்ளையும் நலம், இரண்டு வந்தால் சிக்கல், உடனே கூப்பிட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அப்போது வீட்டுக்கு வீடு இப்படித்தான்.

"ஓடி ஓடி மீனெல்லாம் வெரட்டிட்ட. செத்த நேரம் உக்காருப்பா!"

உட்கார்ந்தேன். மிதவை சடக்கென்று முங்கியது. உள்ளங்கை அகல மீன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே போனால், திரையில் இரண்டு மிஸ்டு கால்.

என் போனில் காசில்லை. பாய் வெள்ளிக்கிழமையானால் போனைக் கடையிலேயே போட்டுவிட்டு வருகிற ஆள். தூண்டிலையும் மீனையும் அப்படியே விட்டுக் கிளம்பினோம். "படச்சவன் இருக்கான், படச்சவன் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே பாய் வண்டியை விரட்டினார். தார் ரோட்டில் முதலில் கண்ணில் பட்ட கடையில் காலிங் கார்டு வாங்கி, சுரண்டி, நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தியபின் ஒருவழியாக மணி அடித்தது.

"மாப்ளே! பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"அப்ப ரெண்டு மிஸ்டு கால் எதுக்கு மாமா?"

"நான் ஒண்ணுதானே குடுத்தேன்?"

பின்னாலிருந்து மாமியார் குரல்: "நீங்க மறந்திருப்பீங்கன்னு நானும் ஒண்ணு குடுத்தேன்!"

கோபம் வர வேண்டிய இடம். அழுகைதான் வந்தது. கடைக்கார மலபாரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

போகிறவர்களுக்கு: பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், சேறு காலை விடாது. மீன் பிடிக்கத் தடைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் மீனைச் சமைக்க வேண்டாம்; சுத்திகரித்த கழிவுநீராகவும் இருக்கலாம். போனில் காசு போட்டுக்கொண்டு போங்கள்.

எனக்கு டிசம்பரில்தான் லீவு கிடைத்தது. திருச்சி விமான நிலையத்து வாசலில் மாமனார் பிள்ளையை என் கையில் கொடுத்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வீறிட்டு அழுதபடி அவர் தோளுக்கே தாவிவிட்டாள்.