பகவதி டீச்சர் குரலில் வந்த பள்ளிக்கூடம்

மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆரியசாலை மொத்தக் கடையில் கணக்கு எழுதும் என் மகன் போன் செய்தான். "அம்மா, பகவதி டீச்சர் போயிட்டாங்க." "எங்க போனாங்க?" என்று கேட்டேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. உடம்பு முடியாமல் இருந்ததை டீச்சர் நம்மில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு அவர் தமிழ் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் பேசினீர்கள். எங்கள் வீட்டுக்கு அவர் செய்தது வேறு. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் வீட்டோடு பேச செல்போனில் ஒரு ஆப் வந்ததே, நினைவிருக்கும். லீவு, பரீட்சை, மீட்டிங் எல்லாம் இனி அதில்தான் என்றார்கள். வந்ததெல்லாம் இந்த ஊர்ப் பேச்சான மலையாளமும் இங்கிலீஷும். மருமகள் மஸ்கட்டில் வேலைக்குப் போயிருந்தாள். மகன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். போன் என் கையில். நானோ தமிழையே எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். அதனால் பேத்தி மீனாதான் வாசித்துச் சொல்வாள். நம் தெருவில் பல வீட்டிலும் அப்படித்தானே? பிள்ளையைப் பற்றிய புகாரை அந்தப் பிள்ளையே நமக்கு வாசித்துக் காட்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் மீனா வாசித்தாள்: "ஆச்சி, நான் நல்லாப் படிக்கேன்னு போட்டிருக்காங்க, கேட்டோ." அடுத்த வாரமும் அதே பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. முறுக்கு சுட்டு, சம்படத்தில் அடுக்கி, பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன். ஆபீசில் இருந்த கிளார்க் பெண் என் போனை வாங்கிப் பார்த்தாள். வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் கேட்க, "அம்மச்சி, உங்க குட்டி கிளாசுக்கே வரலைன்னாணு இதிலே போட்டிருக்கு. அதுக்கா பலகாரம்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பிறகு அவள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், நான் போகவில்லை.

அங்கே நின்ற பகவதி டீச்சர் சிரிக்கவில்லை. சம்படத்தை வாங்கி, ஒரு முறுக்கை அங்கேயே கடித்து, "சீரகம் கொஞ்சம் கூடிப்போச்சு ஆச்சி" என்றார். அப்புறம் என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். மீனா வீட்டிலிருந்து யூனிபார்மோடு இறங்கி, கரமனை ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சயன்ஸ் பாடத்தை மலையாளத்தில் வாசிக்கச் சொன்னபோது, அவள் தமிழ் ராகத்தில் வாசித்ததைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவே அவளுக்குப் பயம்.

மகன் அன்றைக்குக் குதித்தான். "படிச்சது போதும். தென்காசியில அக்கா வீட்டுக்கு அனுப்பிருதேன். கூடமாட வேலை செஞ்சுக்கிட்டுக் கெடக்கட்டும்." அக்காளிடம் பேசியும்விட்டான். மீனாவின் துணிமணியை நானே பையில் எடுத்துவைத்தேன்.

விஷயம் எப்படியோ டீச்சர் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலையில் ஆப்பில் அவர் குரல் வந்தது, தமிழில். "மீனா அப்பா, நான் பகவதி பேசுறேன். பிள்ளை பொய் சொல்லிச்சு, இல்லைங்கல. ஆனா அதுக்கு எடம் கொடுத்தது நாங்க. அவமேல உள்ள புகாரை அவ வாயாலேயே சொல்லவெச்சா, எந்தப் பிள்ளை சொல்லும்? இந்த வருசம் முடியிற வரைக்கும் அவளை எங்கிட்ட விடுங்க." மகன் திரும்பவும் அதைப் போட்டுக் கேட்டான். பையைத் தொடாமலே கடைக்குப் போய்விட்டான். பையிலிருந்த துணியை நான் கொடியில் போட்டேன்.

அன்றிலிருந்து நம் எல்லா வீட்டுக்கும் தமிழில் குரல் வர ஆரம்பித்தது. ஹெட்மாஸ்டர், "டீச்சரே, ஆப்பு ரேடியோ அல்லா" என்றாராம், ஆப் ஒன்றும் ரேடியோ இல்லையென்று. "கேக்குறதுக்கு வீடு இருக்கே சார்" என்றாராம் இவர். அதோடு விட்டாரா? கட்டைவிரல் படத்தை அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டார். சொன்னதை நாம் திருப்பிச் சொல்லி அனுப்ப வேண்டும். "நான் என்ன ஒப்பிக்கிற பிள்ளையா?" என்று சண்டைக்குப் போனேன். "ஆமா ஆச்சி. தப்பாச் சொன்னா பெஞ்சு மேல ஏத்துவேன்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஒப்பித்தேன்.

வகுப்பு தொடங்கும் முன்னால் மீனாவைத் தனியாகக் கூட்டிவைத்து, அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசிக்கவைப்பார். ஒரு சாயங்காலம் அவர் குரல் வந்தது: "ஆச்சி, மீனா இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சயன்ஸ் வாசிச்சா. ஒரு மலையாளப் பையன் சிரிச்சான். அவனைத் தமிழ் வாசிக்கச் சொன்னேன்." அதைக் கேட்டு என் மகன் சிரித்தான் பாருங்கள், அப்படி அவன் சிரித்து நாளாகியிருந்தது. தென்காசிப் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

இப்போது மீனா பத்தாம் வகுப்பு. டீச்சர் லீவில் போனதிலிருந்து ஆப்பில் மறுபடியும் எழுத்துதான் வருகிறது. போன வாரம் ஒன்று வந்தது. போனை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கணக்குல மீனாவுக்கு மார்க் ரொம்பக் குறைவு. வீட்டுலேருந்து ஒருத்தர் வந்து பாக்கணும்." கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "நாளைக்கு வாரியா ஆச்சி?" என்றாள்.

மார்க்குக்குத் திட்டத்தான் வேண்டும். அன்றைக்கு நான் திட்டவில்லை. பகவதி டீச்சரால் எனக்கு மிஞ்சியது, தன்மேல் வந்த குறையைத் தானே நின்று வாசித்துச் சொல்கிற இந்தப் பிள்ளை.